காலைத் தேடும் கியர்பாக்ஸ்

முதல் கியர், க்ளிக். இரண்டாவது, க்ளிக். மூன்றாவது... வ்ர்ர்ராஆஆங்!

எஞ்சின் தொண்டை கிழியக் கத்துகிறது. காரோ எனக்கென்ன என்று மிதந்து போகிறது. கியர் இரண்டிலும் இல்லை, மூன்றிலும் இல்லை. நடுவே எங்கோ அந்தரத்தில் தொங்குகிறது. மைதான ஓரத்தில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையில் கை வைக்கிறார்கள். "மறுபடியுமாடா!" என்று ஒரு குரல். "அப்பவே சொன்னேன், கட் டைமைக் கூட்டலாம்னு" என்று இன்னொரு குரல். "நீ எப்பதான் சொல்லல?" என்று மூன்றாவது குரல்.

மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டிய பந்தயக் காரின் திரைமறைவு வாழ்க்கை இப்படித்தான் இருக்கும். டிவியில் காட்டும் ஷாம்பெயின் எல்லாம் கிடையாது. கிரீஸ், கேபிள் டை, ஆறிப்போன டீ, அப்புறம் இந்த 'வ்ர்ராங்!'

இடம் கோவை. பொறியியல் கல்லூரி ஒன்றின் பட்டறையும் மைதானமும். ஜனவரியில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் 'ஃபார்முலா பாரத்' நடக்கப்போகிறது. மாணவர்கள் தாங்களே வடிவமைத்து, தாங்களே வெல்டிங் வைத்து, தாங்களே ஓட்டும் ஒற்றை இருக்கைக் கார்களுக்கான போட்டி அது. மாருதி எஞ்சினை வைத்து இந்தியாவிலேயே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவரதனின் பெயரைத் தாங்கிய ட்ராக்கில், பதினெட்டும் இருபதும் வயதான பிள்ளைகள் தங்கள் சொந்தக் காரை இறக்குவார்கள். நினைத்தாலே கிறுகிறுக்கிறதா? பக்கத்தில் நின்று பாருங்கள், எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

முதுகுக்குப் பின்னால் ஒரு பைக்

காரைக் கிட்டே போய்ப் பார்த்தால் முதலில் சிரிப்புதான் வரும். இரும்புக் குழாய்க் கூடு, அதற்குள் ஒரு ஆள், அந்த ஆளின் முதுகுக்குப் பின்னால் பழைய கேடிஎம் 390 டியூக்கின் எஞ்சின். 373 சிசி, ஒற்றை சிலிண்டர். காலேஜ் வாசலில் பையன்கள் முறுக்கிக்கொண்டு நிற்பார்களே, அதே எஞ்சின்தான்.

இது கஞ்சத்தனம் இல்லை. 1981-ல் அமெரிக்காவில் 'ஃபார்முலா எஸ்ஏஇ' என்று தொடங்கிய இந்த மாணவர் போட்டியின் விதிகள், பெட்ரோல் காருக்கு 710 சிசி என்ற உச்சவரம்பு வைக்கின்றன. எஞ்சினுக்குள் போகும் காற்று மொத்தமும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே ஓட்டை வழியாகத்தான் போகவேண்டும். இந்த அளவுக்குள் லேசான, சுறுசுறுப்பான எஞ்சின் வேண்டுமென்றால் பைக் கடைக்குத்தான் போகவேண்டும். பணமும் ஆள்பலமும் உள்ள அணிகள் ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர் மாதிரி நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுப்பார்கள். மற்றவர்களுக்கு 390 போதும்.

பைக் எஞ்சினில் இன்னொரு லாபம் உண்டு. எஞ்சினும் கிளட்ச்சும் ஆறு கியர்களும் ஒரே பெட்டிக்குள் வந்துவிடும். கியர்பாக்ஸுக்குத் தனியாக அலைய வேண்டாம். வாங்கு, பூட்டு, செயினை மாட்டு, கிளம்பு!

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? தொல்லையும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கியர்பாக்ஸை உருவாக்கியவர்கள் ஒரு மனிதக் காலை நம்பி உருவாக்கினார்கள். காருக்குள் வந்ததும் அந்தக் கால் காணாமல் போய்விட்டது.

பெட்டிக்குள் ஒரு எட்டு

"உள்ள பாக்கறீங்களா சார்?" என்று கேட்டவர் அணியில் கியர் மாற்றும் அமைப்புக்குப் பொறுப்பான மாணவி. அணியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'கியர்க்காரி' என்றால்தான் திரும்புகிறார். பழைய இரும்புக் கடையில் கிடைத்த எஞ்சின் ஒன்றை இரண்டாகப் பிரித்து மேஜைமேல் வைத்திருக்கிறார்கள், பாடம் படிக்க.

இரண்டு தண்டுகள். அவற்றில் வரிசையாகப் பற்சக்கரங்கள், ஜோடி ஜோடியாக எப்போதும் கோத்தே இருக்கின்றன. அப்படியானால் கியர் மாறுவது எப்படி? சில சக்கரங்கள் தண்டோடு சேர்ந்து சுழலும். சில சும்மா வழுக்கிக்கொண்டு சுழலும். பக்கவாட்டில் துருத்தும் டாக் பற்கள் பக்கத்துச் சக்கரத்தின் குழிக்குள் போய் விழுந்ததும் அந்த ஜோடிக்கு உயிர் வருகிறது. அந்தப் பக்கவாட்டு நகர்வைச் செய்பவை மூன்று ஃபோர்க்குகள். ஃபோர்க்குகளை நகர்த்துவது, வளைந்து நெளிந்த பள்ளங்கள் வெட்டிய ஒரு உருளை. அதுதான் ஷிஃப்ட் டிரம்.

கியர்க்காரி டிரம்மைக் கையால் திருப்புகிறார். ஒரு ஃபோர்க் இடப்பக்கம் ஓடுகிறது, இன்னொன்று வலப்பக்கம். "ஒண்ணு... நியூட்ரல்... ரெண்டு... மூணு..." அடடா! பத்து ரூபாய் ராட்டினத்தில் ஏறிய குழந்தை மாதிரி நானும் வாங்கித் திருப்பினேன். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே அரைப்படியில் நியூட்ரல் ஒளிந்திருப்பதை விரலாலேயே உணர முடிகிறது.

அடுத்து வந்ததுதான் முக்கியமான விஷயம். இந்த டிரம்மை நாம் நேராகத் திருப்புவதில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஷிஃப்ட் தண்டை ஆட்டினால், உள்ளே ஒரு கொக்கி டிரம்மை ஒரு படி மட்டும் தள்ளிவிட்டு, நடுவுக்குத் திரும்பி வந்து அடுத்த படியைப் பிடிக்கக் காத்திருக்கும். திரும்பி வரவில்லையா, அடுத்த கியர் கிடையாது. நீங்கள் எவ்வளவு முக்கி இழுத்தாலும் கிடையாது.

"அதான் சார், கியரைப் போடறது பாதி வேலை. விட்டுட்டு நடுவுக்கு வர்றது மீதி வேலை. எங்க ஜூனியர் பசங்க முதல் பாதியை மட்டும்தான் யோசிப்பாங்க."

காலுக்கு இருந்த மூளை

பைக் ஓட்டுகிறவர்கள் ஒரு நிமிடம் தங்கள் இடது பாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமான பாதம்! கியர் முழுதாக விழுந்ததா என்று அதற்குத் தெரியும். விழவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் அழுத்தும். விழுந்ததும் தானே விலகிவிடும். நியூட்ரல் வேண்டுமென்றால் பாதி அழுத்தத்தில் நிறுத்தும். இத்தனையும் நம்மைக் கேட்காமலேயே செய்கிறது.

காரில் ஓட்டுநர் முன்னால், எஞ்சின் பின்னால். அவர் கைக்கு அருகே ஒரு லிவர். அங்கிருந்து ஷிஃப்ட் தண்டு வரை, குழாய்களுக்கு நடுவே புகுந்து, சீட்டைச் சுற்றி, சைலன்ஸர் சூட்டுக்குப் பயந்து விலகி ஓடும் ஒரு கேபிள். தள்ளினாலும் இழுத்தாலும் வேலை செய்யும் வகைக் கேபிள். லிவருக்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு மூட்டு, கேபிளைப் பிடிக்க முன்னால் ஒரு பிராக்கெட், பின்னால் ஒரு பிராக்கெட், ஷிஃப்ட் தண்டின் வரிப்பற்களில் இறுக்கிய ஒரு குட்டிக் கை.

எண்ணிப் பாருங்கள், எத்தனை இடங்கள்! ஒவ்வொன்றும் ஓட்டுநர் கொடுக்கும் அசைவிலிருந்து கொஞ்சம் கமிஷன் எடுத்துக்கொள்கிறது. மூட்டில் கொஞ்சம் ஆட்டம், கேபிள் வளைவில் கொஞ்சம் உராய்வு, பிராக்கெட்டில் கொஞ்சம் நெளிவு. முழு அசைவோடு புறப்பட்டது, எஞ்சினை அடையும்போது மெலிந்துபோய்ச் சேர்கிறது.

பட்டறைச் சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்: 'பெட்டியைத் திறக்காதே. முதலில் பாதையைப் பார்.' யாரோ ஒரு சீனியர் எழுதிவிட்டுப் போனதாம். கியர் சரியாக விழவில்லை என்றதும் எஞ்சினைப் பிரிக்கக் கை பரபரக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான பைக்குகளில் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடும் பெட்டி அது. நேற்று நாம் தகட்டை வெட்டிப் பூட்டிய பிராக்கெட்டுக்கு அப்படிப்பட்ட வரலாறு ஒன்றும் இல்லையே!

குற்றவாளிகள் வரிசையாக நில்லுங்கள்

சரி, 'வ்ர்ராங்'குக்கு யார் காரணம்? விசாரணை ஆரம்பம். வெள்ளைப் பலகையில் சந்தேகப்பட்டியல். பின்சக்கரங்கள் அந்தரத்தில் சுழலும்படி காரை ஸ்டாண்டில் ஏற்றியாயிற்று.

எஞ்சின் அணைந்திருக்கிறது. முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஆர்வமாக லிவரை இழுக்கிறான். கியர் மாறவில்லை. "அண்ணா, ஃபோர்க் போச்சுண்ணா!" என்று அலறுகிறான். நாலு பேர் சிரிக்கிறார்கள். யாரோ பின்சக்கரத்தைக் கையால் லேசாகத் திருப்பிவிட, க்ளிக்! விழுந்தது.

சுழலாமல் நிற்கும் சக்கரங்களில் டாக் பற்கள் குழியைத் தேட முடியாமல் முகத்தோடு முகம் முட்டிக்கொண்டு நிற்கும். நின்ற வண்டியில் கியர் வரிசையாக ஏறாதது நோய் இல்லை, சுபாவம். கவாஸாகி எஞ்சின் வாங்கிய அணிகளுக்கு இதைவிட வேடிக்கை. வண்டி நிற்கும்போது முதல் கியரிலிருந்து நேராக நியூட்ரலில் போய் நிற்பதற்காக, இரண்டாவதுக்கு ஏறவிடாமல் அந்தப் பெட்டிக்குள்ளேயே இரும்புக் குண்டுகளை வைத்துத் தடுத்திருக்கிறார்கள். ட்ராஃபிக் சிக்னலில் பைக்காரருக்கு அது வரம். விஷயம் தெரியாத மாணவனுக்கோ பட்டறையில் ஒரு ராத்திரித் தூக்கம் போகும்.

அடுத்த சந்தேக நபர் கிளட்ச். ஸ்டாண்டில் எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச்சை முழுக்க மிதித்து, முதல் கியரைப் போடு; பிரேக்கைத் தொட்டுப் பார். சக்கரம் அடங்காமல் எஞ்சினை இழுத்துப் பிடிக்கிறதென்றால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிளில் தளர்ச்சி அதிகமா, தட்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எண்ணெயும் முக்கியம். பைக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே எண்ணெய்தான். காருக்கான வழவழப்பு சேர்த்த எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் 'ஜாஸோ எம்ஏ' முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும். இந்தக் காரில் எண்ணெயும் சரி, கிளட்ச்சும் சரி. விடுதலை!

மூன்றாவது, ஷிஃப்ட் தண்டின் குட்டிக் கை. கியர்க்காரி பெருமையோடு காட்டுகிறார்: தண்டின் மேலும் கையின் மேலும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரே கோடு. "என்னோடதுதான் சார், செவப்பு." கோடு உடைந்திருந்தால் கை வரிப்பற்களில் நழுவியிருக்கிறது என்று அர்த்தம். கோடு முழுதாக இருக்கிறது. விடுதலை!

நான்காவது, நடு. லிவரைத் தொடாமல் விட்டால் ஷிஃப்ட் தண்டு தன் இயல்பான நடுவில் நிற்கிறதா? கேபிள் முனையைக் கழற்றுகிறார்கள். தண்டு எங்கே நிற்கிறதோ அங்கேயே கேபிளும் வந்து, இழுக்காமல் தள்ளாமல் உட்காரவேண்டும். ஒரு திருகு அளவுக்குத் தள்ளியிருந்தது. சரிசெய்தார்கள். சாதாரண அடிபம்பில் கைப்பிடி முழுக்க மேலே வராமல் மறுபடி அழுத்தினால் தண்ணீர் முழுசாக வருமா? அதே கதைதான் இங்கேயும்: நடு பிசகினால் ஒரு பக்கத்துக் கொக்கி அடுத்த படியைப் பிடிக்காது.

"இதுதான், இதேதான்!" என்று கைதட்டல். காரை இறக்கினார்கள். ஓட்டுநர் தம்பி ஏறினான். ஒன்று, இரண்டு... வ்ர்ராங்!

ச்சே.

மில்லி விநாடி அரசியல்

இப்போது சண்டை மின்சாரப் பக்கம் திரும்புகிறது. 'கட்' என்று எல்லோரும் முணுமுணுக்கிறார்களே, அது இதுதான். எஞ்சின் முழு வேகத்தில் தள்ளும்போது டாக் பற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். பிடி நழுவக்கூடாது என்றே அவற்றின் முகத்தைச் சற்று உட்சாய்வாக வெட்டியிருப்பார்கள். கியரைப் பிரிக்க அந்தப் பிடியைக் கணநேரம் தளர்த்தவேண்டும். பைக்காரர் ஆக்ஸிலரேட்டரை லேசாக விடுவார். பந்தயத்திலோ லிவரில் ஒரு சுவிட்ச். தொட்டதும் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கை நிறுத்தும், உடனே திரும்பக் கொடுக்கும்.

எவ்வளவு நேரம்? 60 மில்லி விநாடி என்று வைத்திருந்தார்கள். அணியின் எலெக்ட்ரிக்கல் பையன் கணக்குப் போட்டுக் காட்டுகிறான், கண்கள் பளபளக்க. ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 8000 சுற்றில் ஓடும்போது 15 மில்லி விநாடிக்கு ஒரு வெடிப்பு. ஆக, 60 மில்லி விநாடியில் நாலே நாலு வெடிப்பு போச்சு! அதுவே நான்கு சிலிண்டர் எஞ்சின் 12,000 சுற்றில் ஓடினால் இரண்டரை மில்லி விநாடிக்கு ஒன்று. அங்கே அதே 60-க்குள் 24 வெடிப்புகள் காணாமல் போகும். "அதனாலதான் சார், அடுத்த டீமோட நம்பரைக் காப்பி அடிக்க முடியாது. காப்பி அடிக்க முடிஞ்சா அடிச்சிருப்போம்!"

கட்டை 90 ஆக்கினார்கள். 'வ்ர்ராங்' குறைந்தது, போகவில்லை. அதோடு ஒவ்வொரு கியருக்கும் கார் தலையைக் குனிந்து நிமிர்ந்தது. 75 மீட்டர் நேர்கோட்டு ஓட்டம் சில விநாடிகளில் முடிந்துவிடும் சமாசாரம். அதில் கியருக்குக் கியர் தலையாட்டிக்கொண்டிருந்தால் பக்கத்து அணி டீ குடித்துவிட்டு வந்துவிடும்.

ஆனால் இந்தத் தோல்வியில்தான் துப்பு கிடைத்தது. சத்தமான பட்டறையின் மூலையில் கியர்க்காரி மட்டும் பேசாமல் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: 'ஸ்டாண்டில் சரி. ட்ராக்கில் தப்பு. ஏற்றத்தில் தப்பு. இறக்கத்தில் சரி.'

"சுமை இருந்தாத்தான் தப்பு நடக்குது. கட்டைக் கூட்டினா சுமை குறையுது, தப்பும் குறையுது. அப்ப நோய் கட்ல இல்ல. சுமை வந்தா எதுவோ வளையுது. அதுவும் ஒரே பக்கமா வளையுது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. துப்பறியும் கதையில் கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டோம்!

செல்போன் பிடித்த திருடன்

ஒரு செல்போனை எடுத்தார்கள். ஸ்லோ மோஷன், விநாடிக்கு 240 படம். பின்பக்கக் குழாயில் கேபிள் டையும் டேப்பும் போட்டு, பிராக்கெட்டும் ஷிஃப்ட் தண்டும் தெரிகிற மாதிரி இறுகக் கட்டினார்கள். போனின் சொந்தக்காரன் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பெண்ணைக் கட்டிக்கொடுத்து வழியனுப்பும் அப்பா முகம்! "எண்ணெய் தெறிச்சா யாருடா பொறுப்பு?" யாரும் பதில் சொல்லவில்லை.

தம்பி ஒரு சுற்று ஓட்டினான். ஒன்று, இரண்டு, வ்ர்ராங்! வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் விசிலடித்தார்கள்.

போனைக் கழற்றி, குழந்தைகள் கார்ட்டூன் பார்க்கிற மாதிரி தலையோடு தலை இடித்துக்கொண்டு பார்த்தோம். கேபிள் இழுபடுகிறது. குட்டிக் கை நகர ஆரம்பிக்கிறது. அப்போதுதான், ஐயோ, பின்பக்க பிராக்கெட்! கேபிளின் உறையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கவேண்டிய அந்த அலுமினியத் தகடு மெதுவாக, மரியாதையாக, எஞ்சினை நோக்கிக் குனிகிறது. குட்டிக் கை போகவேண்டிய தூரத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடுகிறது. டிரம் படியின் முனை வரை போய், ஏறாமல் தயங்கி நிற்கிறது. வ்ர்ராங்.

எல்லாம் பொருந்திவிட்டது. ஸ்டாண்டில் சுமை இல்லை, எனவே தகடு வளைய வேலை இல்லை. கியர் இறக்கும்போது விசை எதிர்ப்பக்கம். தகடு சட்டக் குழாயில் சாய்ந்துகொள்கிறது, வளைய வழி இல்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நியூட்ரலில் மாட்டிவிடுவோமோ என்ற பயத்தில் தம்பி லிவரை நீளமாக, பலமாக இழுக்கிறான். அந்தக் கூடுதல் இழுப்பு குறையை ஈடுகட்டிவிடுகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு? ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இன்னொரு கையால் சும்மா ஒரு சுண்டு. மாட்டிக்கொண்டான்!

"நான் என்னடா தப்பு பண்ணேன்?" என்று தம்பி கேட்க, "நீ எதுவும் பண்ணல கண்ணு, இது பண்ணிருச்சு" என்று தகட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார்கள்.

வெல்டிங் அண்ணன் வரும்வரை

இனி புது பிராக்கெட் செய்யவேண்டும். கூப்பிட்டால் லேத் பட்டறை ஆள் கிடைப்பது கோவையின் வரம். வெல்டிங் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம். அவர் வரும்வரை ஒரு பழைய கதை.

இந்தப் பிள்ளைகள் செய்யும் வேலைக்கு மூதாதை உண்டு. 1946-ல் இங்கிலாந்தில் சார்லஸ் கூப்பரும் மகன் ஜான் கூப்பரும் ஒரு குட்டிப் பந்தயக் கார் செய்தார்கள். இரண்டு பழைய ஃபியட் டோபோலினோ கார்களின் முன்பாகங்களை முன்னும் பின்னுமாகச் சேர்த்து, 500 சிசி ஜேஏபி மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பூட்டினார்கள். செயினால் பின்சக்கரத்தைச் சுழற்றவேண்டும் என்பதால் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைப்பது வசதி, வைத்தார்கள். அந்த வகைக் குட்டிக் கூப்பரில்தான் 1948-ல் ஸ்டிர்லிங் மாஸ் பந்தயம் ஓட்ட ஆரம்பித்தார். பின்னால் எஞ்சின் வைக்கும் பழக்கத்தைக் கூப்பர்கள் பெரிய கார்களுக்கும் கொண்டுபோனார்கள். 1959-லும் 1960-லும் ஜாக் பிரபாம் கூப்பர் காரில் ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தை வென்றார். அதற்குப் பிறகு எஞ்சினை முன்னால் வைத்து எவரும் அந்தப் பட்டத்தை வென்றதில்லை.

பைக் செயினுக்காகச் செய்த ஒரு வசதி ஃபார்முலா ஒன்னையே திருப்பிப்போட்டுவிட்டது! இன்றைக்கும் பிரிட்டனின் ராடிகல் நிறுவனம் சுஸுகி ஹயபுஸா வழிவந்த எஞ்சினோடு பந்தயக் கார்களை விற்கிறது. செல்போனைக் கட்டிப் படம் பிடிக்கும் இந்தப் பிள்ளைகளும் அந்த வம்சம்தான்.

"சார், கதை அப்புறம். அண்ணன் வந்துட்டாரு!"

அண்ணன் தகட்டை வாங்கிப் பார்த்தார். புரட்டினார். உதட்டைப் பிதுக்கினார். "ஏனுங்க கண்ணு, இத எதுக்கு இப்புடி மொட்டையா உட்டீங்க? அலுமினியம் வேண்டாம், இரும்புல போட்டு ஒரு முக்கோணம் குடுத்தா அசையுமுங்களா?"

அவ்வளவுதான். எஃகுத் தகடு, மூலையில் ஒரு முக்கோணத் தாங்கல், சட்டத்தில் நேராக வெல்டிங். எடை கூடியது சில கிராம். கியர்க்காரி கூடவே லிவரின் இரு பக்கமும் தடுப்பு போல்ட் வைத்தார். கை முழு தூரம் போகவேண்டும், அதற்குமேல் ஒரு இம்மியும் போகக்கூடாது. பதற்றத்தில் தம்பி பலம் முழுவதையும் காட்டினால் உள்ளே இருக்கும் ஃபோர்க் வளையும். அப்போதுதான் நிஜமாகவே பெட்டியைத் திறக்கவேண்டிவரும்.

திறக்கவேண்டிய அறிகுறிகளும் பலகையில் இருக்கின்றன: எப்போதும் ஒரே கியர், சரியாக விழுந்த பிறகும் சுமையில் தானாகத் துள்ளி வெளியே வருகிறது, எண்ணெய் வடிக்கும்போது பளபளவென்று இரும்புத் துகள். டாக் பற்களின் மூலை உருண்டுவிட்டதென்றால் எந்தக் கேபிளைத் திருகியும் பயனில்லை.

மூன்று நிமிட நாடகம்

புது பிராக்கெட்டோடு கார் இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு! க்ளிக் க்ளிக் க்ளிக்! 'வ்ர்ராங்' எங்கே? தேடினாலும் இல்லை. கட்டை 90-லிருந்து மறுபடி 60-க்கு இறக்கினார்கள். அப்போதும் இல்லை. இன்னும் கொஞ்சம் இறக்கிப் பார்க்கலாமா என்று எலெக்ட்ரிக்கல் பையன் நாக்கைச் சுழற்றிக்கொண்டிருக்கிறான்.

"ஆடாதீங்கடா, நியூட்ரல் இன்னும் பாக்கலை" என்றார் கியர்க்காரி.

போட்டியில் அதிகப் புள்ளி தரும் நெடுந்தூர ஓட்டம் ஏறக்குறைய 22 கிலோமீட்டர். பாதியில் ஓட்டுநர் மாறவேண்டும். எஞ்சினை அணைத்து, ஒருவர் இறங்கி, இன்னொருவர் ஏறி, பெல்ட்டைப் பூட்டிக்கொள்ள 3 நிமிடம். பிறகு காரே தன் சொந்த பேட்டரியில் உயிர் பெறவேண்டும். தள்ளிவிட ஆள் கிடையாது. உள்ளே வந்து நிறுத்தும்போது இரண்டாவதிலேயே அணைத்துவிட்டால்? சக்கரம் நின்றாயிற்று, பற்கள் இறுகிக்கொண்டாயிற்று, நியூட்ரல் சுலபத்தில் கைக்கு வராது. எஞ்சினோ கொதிக்கும் சூட்டில், கிளட்ச் முழுதாக விடுபடாமல். அங்கேயே ஓட்டத்தை முடித்துக்கொண்ட கார்கள் ஏராளம்.

எனவே ஒத்திகை. கார் உருண்டுகொண்டிருக்கும்போதே முதல் கியருக்கு இறங்கி, அரை இழுப்பில் நியூட்ரலைப் பிடித்து, நியூட்ரலைக் காட்டும் பச்சை விளக்கைப் பார்த்து, அதன் பிறகுதான் நிற்கவேண்டும். அரை இழுப்பு எது என்று கைக்குத் தெரிய லிவரில் ஒரு சின்ன ஸ்பிரிங் தடை. தம்பி முதல்முறை நேராக இரண்டுக்குப் போனான். மறுமுறை ஒன்றிலேயே நின்றான். பிறகு பச்சை! அடுத்த ஓட்டுநர் தாவி ஏறுகிறான், பெல்ட், ஸ்டார்ட்டர், டுடுடுடு... பிடித்தது! நானும் சேர்ந்து கத்தியிருக்கிறேன் என்பது தொண்டை வலித்தபோதுதான் தெரிந்தது.

பக்கத்துக் கொட்டகையில் அதே கல்லூரியின் பழைய கார் இருக்கிறது. அதில் காற்றழுத்த சிலிண்டரால் கியர் மாற்றும் அமைப்பு. பட்டனைத் தட்டினால் 'புஸ்' என்று விழும். அழகோ அழகு! நெடுந்தூர ஓட்டத்தின் கடைசிச் சுற்றுகளில் காற்று தீர்ந்தால் 'புஸ்' மட்டும் வரும், கியர் வராது. அதையும் யாரோ ஒரு சீனியர் அனுபவித்துத்தான் எழுதிவைத்திருக்கிறார்.

நடுவர் மேஜை

இந்தப் போட்டியில் ஓட்டினால் மட்டும் போதாது. காரை ஏன் இப்படிக் கட்டினாய் என்று நடுவர்கள் முன் நின்று பதில் சொல்ல ஒரு தனிச்சுற்று இருக்கிறது. அதற்கு மட்டும் 150 புள்ளிகள். அதற்கும் ஒத்திகை நடக்கிறது. படித்து முடித்துப்போன சீனியர் ஒருவர் நடுவர் வேஷத்தில், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு:

"காற்றழுத்த ஷிஃப்ட்டரை விட்டுட்டு ஏன் கேபிளுக்குத் திரும்பிப் போனீங்க?"

"எடை குறைவு, காற்று தீரும் பயம் இல்ல சார்."

"கேபிள்னா அசைவு வீணாகுமே. எவ்வளவு வீணாகுதுன்னு அளந்தீங்களா?"

கியர்க்காரி பதில் பேசவில்லை. முதலில் அந்தப் பழைய அலுமினியத் தகட்டை மேஜைமேல் வைத்தார். அடுத்து செல்போனை வைத்து, அந்த வீடியோவை ஓடவிட்டார். தகடு குனிகிறது, குட்டிக் கை நிற்கிறது. மூன்றாவதாக, புது பிராக்கெட்டோடு எடுத்த வீடியோ. எதுவும் குனியவில்லை, கை முழு தூரம் போகிறது. நான்காவதாக ஒரு தாள்: கட் நேரம் 90-லிருந்து 60.

சீனியர் தகட்டை எடுத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். வளைந்தது. நடுவர் வேஷத்தை மறந்து சிரித்துவிட்டார்.

"இதை மட்டும் குப்பைல போட்றாதம்மா. கார்ல நல்லா இருக்கற எல்லாத்தையும்விட உனக்கு இதுதான் புள்ளி வாங்கித் தரப்போவுது."

"போடுவேனாண்ணா?" என்று தகட்டை வாங்கி, நெயில் பாலிஷால் அதன்மேல் தேதி எழுத ஆரம்பித்தார் கியர்க்காரி. எலெக்ட்ரிக்கல் பையன் அதற்குள் லேப்டாப்பைத் திறந்து, 60 இருந்த கட்டத்தில் 50 என்று தட்டிக்கொண்டிருந்தான்.